லூசியாள் தோணியின் சரக்கு

கடலுக்குள் போனது போனதுதான் என்ற பேச்சு செல்லாமல் போய்விட்ட காலத்தில் லீமாவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று.

அந்தப் பேச்சைச் செல்லாமல் ஆக்கியவை நண்டுகள். நண்டு என்றால் உள்ளங்கையளவு இயந்திரம். மூழ்கிக் கிடக்கும் கப்பல்மேல் ஆயிரக்கணக்கில் இறக்கிவிட்டால், ஆளுக்கொரு துண்டாகக் கழற்றி, எது எங்கே இருந்தது என்று நினைவில் வைத்துக்கொண்டு கரையேறி, அதே கப்பலை மணலில் திரும்பக் கட்டிவிடும். பாய்மரத்திலிருந்து சமையல்காரன் தவறவிட்ட ஊசி வரைக்கும் இடம் மாறாது. அரசாங்கம் இந்தத் திட்டத்துக்கு 'மீட்சி' என்று பெயர் வைத்தது. கடற்கரைதோறும் ஒரு கொட்டகை போட்டு, 'தொலைந்தது எதுவுமில்லை' என்று பலகை மாட்டியது.

சிப்பித்துறைக் கொட்டகையில் நண்டுகளை ஓட்டுவது லீமாவின் வேலை. இயற்பியல் படித்தவள். நாலு பேர் நடுவில் பேசச் சொன்னால் அவளுக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். கடலடியில் யாரும் பேசச் சொல்வதில்லை என்பதால் வேலை பிடித்திருந்தது.

மாப்பிள்ளை பெர்க்மான்ஸ், அதே ஊர், மூன்றாம் தெரு. சொந்தப் படகு வைத்து மீன் பிடிக்கிறவன். அவள் பேசாததையும் சேர்த்து அவனே பேசிவிடுவான். அதுவும் அவளுக்குப் பிடித்திருந்தது.

நிச்சயதார்த்தத்தன்று எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, லூசியாள் பேச்சு வரும்வரை.

லூசியாள் என்பது ஊருக்கு எதிரே பன்னிரண்டு பாகம், சுமார் எழுபதடி ஆழத்தில் கிடக்கும் தோணி. எண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்த வருடங்களில் பாய்த் தோணிகள் மறுபடியும் கொழும்புக்கு ஓடின. அப்படி ஓடியவள்தான் லூசியாளும். ஐம்பது வருடத்துக்கு முன்னால், கொழும்பிலிருந்து திரும்பும்போது, கோயில் கோபுரம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் கவிழ்ந்தாள். ஆட்கள் எல்லோரும் நீந்திக் கரையேறிவிட்டார்கள். சரக்கு போயிற்று.

போன சரக்கு அன்றிலிருந்து வளர ஆரம்பித்தது. ஊரில் பாதி வீடுகளுக்கு அந்தத் தோணியில் ஏதோ ஒன்று வந்துகொண்டிருந்தது. ஒரு வீட்டுக்குத் தேக்குக் கட்டில். ஒரு வீட்டுக்கு இரும்புப் பெட்டி, சாவியோடு. தோணியில் போய்வந்தவர்கள் மறுத்திருக்கலாம். அவர்களுக்கும் ஆளுக்கொன்று இருந்ததால் மறுக்கவில்லை.

"எங்கப்பா கொழும்பிலிருந்து அனுப்பின பியானோ மட்டும் வந்து சேர்ந்திருந்தா, நான் இருக்கிற இருப்பே வேற, சம்மந்தி" என்றாள் பெர்க்மான்ஸின் அம்மா பிலோமி.

லீமாவின் அப்பா சிலுவை விட்டுக்கொடுக்கவில்லை. "நமக்கு மட்டும் என்ன சம்மந்தி! நூறு பேர் ஒரே பந்தியில சாப்பிடுற பீங்கான் தட்டு. ஒவ்வொண்ணுக்கும் தங்கக் கரை. அப்பா சொல்லிச் சொல்லியே செத்தாரு."

விருந்தாளியாக வந்திருந்த வேதகிரி சர்பத் டம்ளரைக் கீழே வைத்தார். மீட்சிக் கொட்டகையின் அதிகாரி, லீமாவின் மேலாளர். சென்னைக்காரர். நல்ல செய்தியைக் காலம் கடத்தாமல் சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறவர்.

"அப்படியென்றால் இரண்டு பேருக்கும் வாழ்த்துகள். அடுத்து லூசியாளைத்தான் எடுக்கப் போகிறோம். நேற்றுதான் உத்தரவு வந்தது."

கூடத்தில் பேச்சு நின்றது. சிலுவை வாய்வரை கொண்டுபோன சர்பத்தைக் குடிக்காமலே இறக்கினார். அதை லீமா பார்த்தாள்.

முதலில் சுதாரித்துக்கொண்டவள் பிலோமிதான். "ஆண்டவரே, நல்லதாப் போச்சு! அப்போ கல்யாணத்தைத் தோணி முன்னாலயே வச்சிருவோம். பொண்ணு உள்ள வரும்போது பியானோ வாசிக்கட்டும்."

"பந்தி நம்ம தட்டுலதான்" என்றார் சிலுவை. அவர் குரல் கொஞ்சம் மேலே போயிருந்தது. "இலை ஒண்ணுகூட வாங்கப்படாது, சொல்லிட்டேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். கல்யாணம் தோணிக்கு முன்னால் என்று முடிவாயிற்று.

*

மறுநாள் லீமா தோணியை வேவு பார்க்க ஒற்றை நண்டை அனுப்பினாள். அதற்கு அடுத்த நாள் காலையில் ஊரே அவளைப் பார்த்து அன்பாகச் சிரித்தது.

சாதாரணமாக அவள் தெருவில் நடந்தால் நாய்கூடத் திரும்பிப் பார்க்காது. இப்போது தேநீர்க் கடையில் பெஞ்சு துடைத்துக் கொடுத்தார்கள். பெரிய வீட்டு இஞ்ஞாசி ஒரு பை நிறையச் சிங்கி இறாலைக் கொட்டகைக்கே கொண்டுவந்து கொடுத்தார். இரும்புப் பெட்டி அவர் வீட்டுடையது.

"எதுக்கு அண்ணே இதெல்லாம்?"

"சும்மா சாப்பிடு தாயீ. மெலிஞ்சு போயிட்ட." அவர் கதவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நண்டு எல்லாத்தையும் படம் பிடிச்சிரும், இல்ல?"

"பிடிக்கும். ஆனா அண்ணே, நான்..."

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். நீ அமைதியான பிள்ளைன்னு ஊருக்கே தெரியும். அப்படியே இரு."

இரவுச் சாப்பாட்டின்போது சிலுவை மகளைப் பார்க்காமல் இறாலை உரித்துக்கொண்டே கேட்டார்.

"ஏளா, பீங்கான் கடல்ல கரையுமா?"

"கரையாதுப்பா."

"ஐம்பது வருஷம் ஆச்சே."

"ஐந்நூறு வருஷம் ஆனாலும் கரையாது."

"உப்புத் தண்ணியிலகூடவா?"

"கூடத்தான்."

சிலுவை இறாலைத் தட்டில் வைத்துவிட்டார். "உடைஞ்சிருக்கும், இல்லியா? தூள் தூளா?"

"உடைஞ்சாலும் நண்டு ஒட்டிரும். அப்பா, நான் ஒண்ணு சொல்றேன், நான் அன்னைக்கு..."

"நான் கேக்கவே இல்ல!" என்று அவர் எழுந்துவிட்டார். கை கழுவப் போனவர் வெகுநேரம் வரவில்லை.

லீமாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கியதும் பயம் வந்தது. மேடையில் பெர்க்மான்ஸ் நிற்பான். பின்னால் லூசியாள் புதுசு மாதிரி நிற்கும். நூறு தட்டு இருக்காது. அப்பா அந்த இடத்தில் எப்படி நிற்பார்?

பயிற்சிக் காலத்தில் அவள் வடக்கே ஓர் ஊரில் வேலை பார்த்தாள். அங்கே ஒரு விசைப்படகை எடுத்தார்கள். பதினைந்து வருடம் முன்னால் புயலில் போன படகு. கட்டி நிறுத்தியபோது அதில் இரண்டு சாப்பாட்டுத் தூக்குகள் இருந்தன. ஒன்று படகோடு போனவரின் மனைவி கொடுத்தனுப்பியது. மற்றதில் வேறொரு பெண்ணின் பெயர் வெட்டியிருந்தது. அதுவரை அந்த வீட்டில் வருடா வருடம் அவருக்குப் பூசை வைத்தார்கள். இப்போது யாரும் அவர் பெயரைச் சொல்வதில்லை. நண்டுகள் அந்தத் தூக்கில் வெட்டியிருந்த பெயரைக்கூடத் துரு நீக்கிப் பளிச்சென்று வைத்திருந்தன. ஓட்டியவள் லீமா.

பிலோமி வந்தது ஒரு மத்தியானம். கொட்டகையில் வேறு யாரும் இல்லை. உட்கார்ந்தவள் கைப்பையைத் திறந்தாள், மூடினாள்.

"நீ பார்த்திருப்ப."

"மாமி, அது வந்து..."

"குறுக்க பேசாத. பேசினா எனக்குத் தைரியம் போயிரும். பியானோ கிடையாதுளா. எட்டு வயசுல பள்ளிக்கூடத்துல சொன்னது. எங்கப்பா கொழும்புல ஒரு கடையில மூட்டை தூக்கினாரு. லூசியாள்ல சாமான் அனுப்பியிருக்கேன்னு சொல்லி விட்டாரு. என்ன சாமான்னு சொல்லல. தோணி முழுகிச்சு. அடுத்த மாசம் அவரும் காய்ச்சல்ல அங்கேயே போயிட்டாரு. வகுப்புல எல்லாப் பிள்ளையும் எங்களுக்கு அது போச்சு, இது போச்சுன்னு சொல்லுது. நான் மட்டும் என்ன சொல்ல? பியானோன்னேன். புத்தகத்துல படம் பார்த்திருந்தேன்."

"சின்னப் பிள்ளைதானே மாமி நீங்க."

"எட்டு வயசுல சின்னப் பிள்ளை. பொண்ணு பார்க்க வந்தப்ப? பியானோ வீட்டுப் பொண்ணுன்னுதான் என்னைக் கட்டினாரு. இன்னைக்கும் அவரு வெளியில போனா அப்படித்தான் சொல்றாரு." அவள் கைப்பையை மறுபடியும் திறந்து கைக்குட்டையை எடுத்தாள். "எப்படியாவது இத நிறுத்துளா. உன் மிஷின் கெட்டுப் போகட்டும்."

"நீங்க வேண்டாம்னு சொன்னா நிறுத்திருவாங்க மாமி. உரிமைக்காரங்க சொல்லலாம்."

"நான் வேண்டாம்னு கை தூக்கினா, ஏன்னு ஊரு கேக்காதா? நல்லா இருக்கே! கை தூக்கினவ வீட்டுல ஒண்ணுமில்லன்னு அர்த்தமாயிராதா?"

அவள் போனபிறகு லீமா மனத்துக்குள் கூட்டிப் பார்த்தாள். அப்பா, மாமி, இஞ்ஞாசி. தேக்குக் கட்டில் வீட்டு அக்கா நேற்று அவளுக்குத் தலையில் மல்லிகை வைத்துவிட்டுப் போனாள். தோணியை எடுக்க வேண்டும் என்று ஊரில் எல்லோரும் தெருவில் நின்று சத்தம் போடுகிறார்கள். எடுக்கக் கூடாது என்று எல்லோரும் அவளிடம் மட்டும் வந்து கெஞ்சுகிறார்கள்.

*

"வேண்டாம்னு சொல்ல விதியில சரியா என்ன சார் இருக்கு?" என்று வேதகிரியிடம் கேட்டாள். இதைக் கேட்க அவளுக்கு இரண்டு முறை தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது.

"உரிமையாளர்கள் கூட்டம் கூடி, எடுக்க வேண்டாம் என்று முடிவு செய்தால் தொடமாட்டோம். வரைபடத்தில் குறித்துவிட்டு அப்படியே விட்டுவிடுவோம். ஆனால் யார் வேண்டாம் என்பார்கள்? மக்களுக்கு அவர்களுடைய பொருளைத் திருப்பிக் கொடுக்கிறோம், லீமா. இதைவிட நல்ல வேலை என்ன இருக்கிறது?"

அவர் அதை மனதாரச் சொன்னார். அதனால் அவள் அதை மறுக்காமல் அடுத்ததைக் கேட்டாள்.

"கூட்டம் எப்படி முடிவு செய்யணும்னு இருக்கா சார்?"

"அது அவர்கள் வழக்கப்படி. ஏன்?"

மாலையில் பெர்க்மான்ஸ் படகைக் கழுவிக்கொண்டிருந்தான். அவள் பக்கத்தில் போய் நின்றாள். யார் யார் வந்தார்கள் என்பதைச் சொல்லவில்லை.

"ஊருல சிலருக்குத் தோணிய எடுக்கப் பயமா இருக்கு. வெளியில சொல்ல முடியல."

"எங்கம்மாவுக்கு இருக்காது. அது இப்பவே பியானோவுக்கு உறை தைக்குது." அவன் வாளியைக் கவிழ்த்தான். "சொல்ல முடியாத பயம்னா குடம் வைக்க வேண்டியதுதான்."

"குடமா?"

"என்னளா, தோணிக்கார ஊர்ல பிறந்துட்டு! கடல்ல வச்சு காத்து ஒரு மாதிரியா மாறினா, போகலாமா திரும்பலாமான்னு குரலெடுத்துக் கேக்க மாட்டோம். கேட்டா எவனும் பயம்னு சொல்ல மாட்டான். குடத்துல அடியில மணலைப் போட்டு, வாயில துணியக் கட்டிருவோம். ஆளுக்கொரு புளியங்கொட்டை. பயப்படுறவன் கொட்டைய உள்ள விட்டிருவான். பயப்படாதவன் கொட்டையோட கைய வெளிய எடுத்திருவான். மூடின கை போகும், மூடின கை வரும். மணல்ல விழுந்தா சத்தமும் கேக்காது. ஒரே ஒரு கொட்டை கிடந்தாலும் படகு திரும்பிரும்."

"ஒண்ணே ஒண்ணுக்கா?"

"நடுங்கிற ஆளை வச்சுக்கிட்டு எப்படிப் பாய் கட்டுறது? ஆனா யார் போட்டான்னு கேக்கக் கூடாது. எத்தனைன்னும் எண்ணக் கூடாது."

"ஏன் எண்ணக் கூடாது?"

"எண்ணினா அடுத்த தடவை எவன் போடுவான்?"

லீமா அவனைக் கட்டிப்பிடித்துவிட்டாள். கடற்கரையில், வெளிச்சம் போகுமுன்னே, வலை உலர்த்துகிற பெண்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது. பெண்கள் கூவினார்கள். பெர்க்மான்ஸுக்கு முதன்முறையாகப் பேச்சு வரவில்லை.

*

ஞாயிறு பூசை முடிந்து கூட்டம் கூடியது. வீட்டுக்கு ஒருவர் வந்து கொட்டகையில் உட்கார்ந்தார்கள். வேடிக்கை பார்க்க மீதி ஊரும் வந்திருந்தது. குடம் வைப்போம் என்று பெர்க்மான்ஸ் சொன்னதும் முதலில் எல்லோரும் சீறினார்கள்.

"எதுக்குக் குடம்? எடுன்னு சொல்லியாச்சு, எடுங்க!" என்றார் இஞ்ஞாசி.

"நான் இப்பவே கை தூக்குறேன்" என்றார் சிலுவை. ஆனால் தூக்கவில்லை.

"சரி, வழக்கம்னா வழக்கம்" என்று பிலோமி பெருந்தன்மையாகச் சொன்னாள். உடனே மற்றவர்களும் சரி என்றார்கள். அவ்வளவு வேகமாகச் சிப்பித்துறையில் எதற்கும் சரி சொன்னதில்லை.

புளியங்கொட்டை ஒரு முறத்தில் இருந்தது. ஒவ்வொருவராக வந்து எடுத்துக்கொண்டு துணிக்குள் கையை விட்டார்கள். மூடின கை போயிற்று, மூடின கை வந்தது. கையை வெளியே எடுத்த ஒவ்வொருவரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் உட்கார்ந்தார்கள்.

"யார் பார்ப்பது?" என்று வேதகிரி கேட்டார்.

"லீமா பார்க்கட்டும்" என்று பல குரல் ஒன்றாக வந்தது.

அவள் எழுந்து வந்தாள். இத்தனை பேர் கண்ணும் அவள்மேல். துணிக்குள் கையை விட்டாள்.

கை அடிவரை போகவே இல்லை. பாதியிலேயே கொட்டையில் இடித்தது. மணிக்கட்டு வரை கொட்டை. ஒன்று போதாதோ என்று யாரோ இரண்டு போட்டிருக்கிறார்கள், யாரோ பிடி பிடியாக அள்ளிப் போட்டிருக்கிறார்கள். அவள் விரல்களால் துழாவினாள். மணல் தட்டுப்படவில்லை.

வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பி வந்தது. உள்கன்னத்தைக் கடித்துக்கொண்டாள். அப்பாவைப் பார்க்கவில்லை. மாமியைப் பார்க்கவே இல்லை. கூரையைப் பார்த்தாள்.

"ஒண்ணு கிடக்கு" என்றாள்.

எல்லோரும் முன்னால் சாய்ந்தார்கள்.

"படகு திரும்புது!" என்று அவள் சொன்னாள். அது கொட்டகையின் கடைசி மூலை வரை கேட்டது. இவ்வளவு குரல் தனக்குள் இருப்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு எழுந்த சத்தத்தில் பலகை ஆடியது.

"எவன்லே அது கோழைப் பய!" என்று இஞ்ஞாசி பெஞ்சுமேல் ஏறி நின்று கத்தினார். "இரும்புப் பெட்டி, சாவியோட! எவனோ ஒருத்தனால போச்சே!"

"நூறு தட்டு!" என்று சிலுவை தலையில் அடித்துக்கொண்டார். முகம் பூவாக மலர்ந்திருந்தது. "தங்கக் கரை! கைக்கு வந்தது போச்சே!"

பிலோமி உண்மையாகவே அழுதாள். "என் தலையெழுத்து, என் பியானோ" என்று அழுது அழுது கைக்குட்டைக்குள் சிரித்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் அவளைத் தேற்றினார்கள். பிறகு அவர்களை அவள் தேற்றினாள். அன்று சிப்பித்துறையில் அவ்வளவு பேர் அவ்வளவு சந்தோஷமாக ஒப்பாரி வைத்தார்கள்.

வேதகிரிக்கு ஒன்றும் புரியவில்லை. "ஒரே ஒரு ஆளுக்காக இத்தனை பேர் இழப்பதா? எண்ணியாவது பார்ப்போம்" என்று குடத்தை நோக்கி வந்தார்.

லீமா துணியை இழுத்து இறுகக் கட்டினாள். "எண்ணக் கூடாது சார். அதுதான் வழக்கம்."

குடத்தைப் பெர்க்மான்ஸ் கையில் கொடுத்தாள். எடையைப் பார்த்ததும் அவன் புருவம் உயர்ந்தது. ஒரு கொட்டை கிடக்கிற குடத்தைத் தூக்குகிற மாதிரி, விரல் நுனியில் தூக்க முயன்றுகொண்டே நடந்து போய், அலையில் கவிழ்த்துவிட்டு வந்தான்.

*

கல்யாணம் கோயில் வளாகத்தில் நடந்தது. வாழையிலையில் பந்தி. பாண்டு வாத்தியக்காரர்கள் காது கிழிய வாசித்தார்கள்.

சிலுவை பந்தியில் நடந்துகொண்டே, "இந்நேரம் பீங்கான்ல சாப்பிட வேண்டியது, என்ன செய்ய" என்று ஒவ்வோர் இலையிலும் கறி வைத்தார். தட்டு இருநூறாகியிருந்தது. வேதகிரிகூட இலையில் குனிந்தபடி, அப்படியே விட்டதும் ஒருவிதத்தில் நல்லதுதான், அந்தப் பக்கம் மீன் நன்றாகப் பிடிபடுகிறதாமே என்று பக்கத்து ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிலோமி பட்டுச்சேலை சரசரக்க வந்து மருமகளைத் தண்ணீர்த் தொட்டி ஓரம் இழுத்துக்கொண்டு போனாள்.

"இனி பயமில்ல. இப்ப சொல்லு. எங்கப்பா என்னதான் அனுப்பியிருந்தாரு? நாலு கூரை ஓடா? ஒரு மூட்டை வெங்காயமா? நான் வருத்தப்பட மாட்டேன்."

இந்தமுறை யாரும் குறுக்கே பேசவில்லை.

"மாமி, நான் உள்ளயே போகல."

"என்னது?"

"நண்டு தோணிகிட்ட போச்சு. சரக்கறை வாசல்ல ஒரு கலவா மீன் நின்னுச்சு. என் உயரம் இருக்கும். வாயத் திறந்து திறந்து மூடிச்சு. அதுக்குப் பின்னால இருட்டுல குஞ்சும் குழுவானுமா என்னென்னவோ அசைஞ்சுது. யார் வீட்டுக்குள்ளயோ செருப்போட போற மாதிரி கூச்சமாப் போச்சு. திரும்பிட்டேன். தண்ணி கலங்கல்னு எழுதிட்டேன்."

"அப்போ இத்தனை நாளும் ஊரே உன்கிட்ட வந்து..."

"சொல்லத்தான் பார்த்தேன் மாமி. ஒருத்தரும் விடல."

பிலோமி தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கழுத்துச் சங்கிலி குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு மெல்ல மெல்லச் சிரிப்பு நின்றது.

"அப்போ நீ பார்க்கல."

"இல்ல மாமி."

"வேற யாரும் பார்க்கல."

"யாரும் பார்க்கல. இனி பார்க்கவும் முடியாது. குறிச்சு வச்சாச்சு."

பிலோமி கடல் பக்கம் பார்த்தாள். வெயிலில் தண்ணீர் தகடு மாதிரி கிடந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்த வருஷம் கொழும்புக் கடைக்காரரு எங்கப்பாவுக்குப் பழைய சாமான் எதையோ சும்மா கொடுத்தாருன்னு ஒரு பேச்சு இருந்துச்சு" என்றாள் மெதுவாக. "தூக்க நாலு ஆள் வேணும்னாங்களாம்."

லீமாவும் கடல் பக்கம் திரும்பினாள்.

"அப்போ, இருந்தாலும் இருக்கும்" என்றாள் பிலோமி.